இது என்ன பூனை? 11 விநாடி கிளிப், உதவி தேவை

முள்வேலி | ஞாயிறு, இரவு 9.40
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவை எழுதறேன். எங்க நிலத்து ஓரமா போற ஓடைக்கரையில ஒரு டிரெயில் கேமரா (மிருகம் குறுக்கே வந்தா தானாவே படம் எடுக்கறது) கட்டியிருக்கேன். பன்றி எந்தப் பக்கமா இறங்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான். நேத்து மெமரி கார்டை எடுத்துப் பார்த்தா முந்நூறு கிளிப்புக்கு மேல. முக்கால்வாசி காத்துல ஆடற புல்லு, மீதி கீரியும் மயிலும். ஒண்ணே ஒண்ணுலதான் இது.

விடியக்காலை 4.52. இடப்பக்கத்துல இருந்து வருது, ஓடைக்கல்லுல ஒண்ணு ரெண்டு விநாடி முன்காலை வெச்சு நிக்குது, அப்புறம் கேமராவைப் பார்த்தே வந்து பிரேமையே அடைச்சுட்டுப் போயிருது. உடம்புல புள்ளி இல்ல. காது உயரம், நுனியில முடி மாதிரி ஏதோ தெரியுது. வால் கடைசியில வளையம். அம்மா சிறுத்தைக் குட்டின்னு சொல்லி ஆட்டைக் கொட்டகைக்குள்ள கட்டச் சொல்லிட்டாங்க. மச்சான் கேரகல்ங்கிற நடுத்தரப் பூனை இனம்னு அடிச்சுச் சொல்றான். இடம் தென்னிந்தியா, வறண்ட புதர்க்காடு. அதுக்கு மேல பொதுவுல வேணாமே.

ராக்கோழி | ஞாயிறு, இரவு 9.58
வீட்டுப்பூனை. நல்லா சாப்பிட்ட வீட்டுப்பூனை. மாசத்துக்கு நாலு தடவை இந்தக் கேள்வி வருது.

முள்வேலி | ஞாயிறு, இரவு 10.05
அண்ணா, கடைசி ரெண்டு விநாடி பாருங்க. பிரேம்ல பாதி அதுதான் இருக்கு. வீட்டுப்பூனை அவ்வளவு பெருசா?

வெருகன் | ஞாயிறு, இரவு 10.47
தம்பி, அந்தக் கடைசி இரண்டு விநாடியைத்தான் முதலில் தூக்கிப் போட வேண்டும். கேமராவுக்கு ஒரு முழத் தூரத்தில் வந்தால் எலியும் யானைதான். தூரம் பாதியானால் படத்தில் உயரம் இரட்டிப்பாகும், அகலக்கோண லென்ஸ் என்பதால் முகம் இன்னும் ஊதித் தெரியும். பெரிசா இருக்கு என்று எனக்கு வருகிற படங்களில் பெரும்பாலானவை இந்த வகை.

கல்லில் கால் வைத்து நிற்கிறதே, அந்தப் பிரேம்தான் தங்கம். பக்கவாட்டில் நிற்கிறது, முழு உடம்பும் தெரிகிறது, கால் தரையில் எங்கே படுகிறது என்பது நிச்சயமாகத் தெரிகிறது. அதை நிறுத்தி வாலைப் பாருங்கள். வால் எதுவரை தொங்குகிறது? பின்னங்கால் மூட்டுப் பக்கம் நின்றுவிடுகிறதா, தரைக்கிட்ட வருகிறதா? நிறத்தை நம்பாதீர்கள். இரவில் கேமரா அடிக்கும், கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் நிறமே கிடையாது. செம்பழுப்பும் சாம்பலும் ஒன்றுபோல் வெளுத்துத் தெரியும், சில கறுப்புப் பூனைகள்கூடச் சாம்பலாக விழும்.

ராக்கோழி சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு வரியில் சொல்லும் அளவுக்கு இந்தக் கிளிப் எளிதல்ல.

பனங்கிழங்கு | திங்கள், காலை 6.20
கேரகல் வாய்ப்பே இல்லைங்க. இந்தியாவுல அது இப்ப ராஜஸ்தான், குஜராத் பக்கம்தான் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கு, தெற்குல கிடையாது. காது முடியைப் பார்த்து எல்லாரும் ஏமாறுவாங்க. கேரகலுக்குக் காது நுனியில குஞ்சம் கட்டின மாதிரி நீளமா கறுப்பு முடி தொங்கும், வால்ல வளையமே இருக்காது. காட்டுப்பூனைக்கும் காது நுனியில முடி உண்டு, ஆனா குட்டையா இருக்கும்.

சிறுத்தைக் குட்டியும் இல்ல. குட்டிக்குப் பொறந்ததுல இருந்தே உடம்பெல்லாம் புள்ளி, வாலும் நீளம். அம்மாகிட்ட ஆட்டை அவுத்துவிடச் சொல்லுங்க. (கோழியைக் கட்டிப் போடுறது நல்லது.)

செவலை | திங்கள், காலை 7.02
எனக்கு ஒரு குழப்பம். காட்டுப்பூனைன்னா காட்டுல இருக்கிற எல்லாப் பூனையுமா, இல்ல ஒரு தனி இனமா? எங்க தாத்தா மரநாயைக்கூடக் காட்டுப்பூனைன்னுதான் சொல்லுவார்.

வெருகன் | திங்கள், காலை 8.31
செவலை, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். நேரில் பார்த்ததாக வரும் தகவல்களில் பாதிச் சிக்கல் மிருகத்தில் இல்லை, பெயரில்தான் இருக்கிறது. புனுகுப்பூனையின் பெயரில் பூனை இருக்கிறது, அது பூனைக் குடும்பமே இல்லை. மரநாய் நாயும் இல்லை, பூனையும் இல்லை. இரண்டும் ஒரே குடும்பம், நீள மூக்கு, குட்டைக் கால். ஊரில் 'புலி வந்துச்சு' என்றால் பெரும்பாலும் சிறுத்தை. 'சிறுத்தை' என்று எழுதிவிட்டுச் சிவிங்கிப்புலி படத்தைப் போடும் செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே யாராவது 'காட்டுப்பூனை பார்த்தேன்' என்றால் அது இனத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஒரு மிருகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான் தகவல்.

இனமாகச் சொன்னால், எகிப்து தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் ஒரே இனத்தைத்தான் காட்டுப்பூனை என்கிறோம். கால் நீளம், வால் குட்டை, வயது வந்ததற்கு உடம்பில் புள்ளி கிடையாது, கால்களில் மங்கலான பட்டை, வால் நுனி கறுப்பு. பெயரில் காடு இருந்தாலும் அடர்காட்டைவிட நாணல், புதர், வயல் ஓரம்தான் அதற்குப் பிடிக்கும். பழந்தமிழில் காட்டுப்பூனைக்கு வெருகு என்று பெயர். முல்லை மொட்டை வெருகுக் குட்டியின் பல்லுக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்க்காமல் அப்படி எழுத முடியாது. என் பெயர்க் காரணமும் அதுவே.

ராக்கோழி | திங்கள், காலை 8.50
சரி, வால் குட்டையா இருக்குன்னு ஒத்துக்கறேன். ஆனா வீட்டுப்பூனைக்கும் அடிபட்ட வால், அறுந்த வால் இருக்கே? தெருவுல பாதிப் பூனைக்கு வால் முழுசா இல்ல.

பனங்கிழங்கு | திங்கள், காலை 9.15
அறுந்த வாலுக்கு நுனி இருக்காதுண்ணே. இங்க வளையம் வளையமா வந்து கறுப்பு நுனியில முடியுது. முழு வால்.

ராக்கோழி | திங்கள், காலை 9.18
ம்ம். ஒரு புள்ளி உனக்கு.

கழுகுமேடு | திங்கள், பகல் 12.40
தென்னிந்தியப் புதர்க்காடு என்றால் துரும்பன் பூனையையும் கணக்கில் எடுக்கணும் இல்லையா? எல்லாரும் மறந்துடறாங்க.

வெருகன் | திங்கள், பகல் 1.05
எடுத்து, உடனே கழித்துவிடலாம். துரும்பன் பூனை ஆசியாவிலேயே மிகச் சிறிய பூனை, ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் கிடையாது. முதுகிலும் விலாவிலும் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள் வரிசையாக ஓடும். காது சின்னது, வட்டமானது. இந்தக் கிளிப்பில் காது நெட்டுக்குத்தாக நிற்கிறது.

சிறுத்தைப் பூனையும் இல்லை. அதற்கு உடம்பெல்லாம் கரும்புள்ளி, நெற்றியில் இரண்டு வெள்ளைக் கோடு, காதின் பின்பக்கம் வெள்ளைப் பொட்டு. மீன்பிடிப் பூனை என்றால் கட்டையான உடம்பு, புள்ளி, குட்டை வால், சதுப்பு நிலம். ஆகவே மிஞ்சுவது இரண்டு: காட்டுப்பூனை, வீட்டுப்பூனை. இரண்டும் கலந்த குட்டியும் சாத்தியம்தான், அதைப் படத்தை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஸ்காட்லாந்தில் இந்தத் தலைவலி பெரிது. அங்கே காட்டுப்பூனை என்பது வேறு இனம், அதுவும் வீட்டுப்பூனையும் அவ்வளவு கலந்துவிட்டன. 2005-இல் ஒரு மதிப்பெண் முறை வெளியானது. முதுகுக் கோடு வாலின் அடியோடு நிற்கிறதா, வால் நுனி மொண்ணையா, வால் வளையங்கள் தெளிவா, விலாவில் கோடு உடைந்திருக்கிறதா என்று ஏழு அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 21. அதில் 19-க்குக் குறைந்தால் காட்டுப்பூனை என்று எழுத மாட்டார்கள். இந்த அட்டவணை நம் இனத்துக்குப் பொருந்தாது. ஆனால் ஒரே ஒரு அடையாளத்தில் தொங்காத அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும்.

முள்வேலி, ஒரு வேலை செய்வீர்களா? கேமராவைக் கழற்றாதீர்கள். ஒரு குச்சியில் 10 செ.மீ.க்கு ஒரு பட்டை, சிவப்பு வெள்ளை மாற்றி மாற்றி. பூனை கால் வைத்த அதே கல்லில் அதை நட்டமாக நிறுத்தி, அதே கேமராவில் ஒரு கிளிப் எடுத்து வாருங்கள்.

முள்வேலி | செவ்வாய், இரவு 8.15
எடுத்துட்டேன். சிவப்பு இன்சுலேஷன் டேப் தீர்ந்து, கறுப்பு டேப் சுத்தினேன். இன்ஃப்ராரெட்ல சிவப்பு வெளுத்துத் தெரியும்னு பக்கத்துத் தோட்டத்துப் பையன் சொன்னதும் நல்லதாப் போச்சு, இரவுலயே எடுத்தேன். ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்தேன். தோள் மேடு நாலாவது பட்டைக்குள்ள ஏறி நிக்குது. 36, 37 செ.மீ. மாதிரி.

வெருகன் | செவ்வாய், இரவு 9.02
அந்தப் பையனுக்கு என் வணக்கம். சிவப்பு என்று சொன்னது என் பிழை, இரவுக் கேமராவுக்குக் கறுப்பு வெள்ளைதான் சரி.

குச்சி கொஞ்சம் முன்னே பின்னே சாய்ந்திருந்தாலும் இரண்டு மூன்று செ.மீ. பிசகும், அவ்வளவுதான். சாதாரண வீட்டுப்பூனையின் தோள் உயரம் 25 செ.மீ. சுற்றளவில். காட்டுப்பூனை சுமார் 36. சிறுத்தை 55-க்கு மேல். வால், காது, கால் பட்டை, உயரம், இடம், ஐந்தும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. நான் காட்டுப்பூனை என்று எழுதுகிறேன்.

ராக்கோழி | செவ்வாய், இரவு 9.30
குச்சி பேசின பிறகு நான் என்ன பேச. தப்பா சொன்னேன், வாபஸ். ஆனா ஒண்ணு, இந்த மாதிரி பத்து கிளிப் வந்தா எட்டு வீட்டுப்பூனைதான். அந்த எட்டுக்காகத்தான் என் வாய் முந்துது.

முள்வேலி | புதன், காலை 10.20
நன்றி எல்லாருக்கும். இன்னொரு விஷயம் கேட்கலாமா? கேமரா கட்டினது தெரிஞ்சதும் மாமா வந்து உட்கார்ந்துட்டார். மூணு வாரம் முன்னாடி சாயங்காலம் இருட்டற நேரத்துல கருஞ்சிறுத்தை மேற்கு வேலியைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன்னு சொல்றார். போன்ல கருஞ்சிறுத்தை படம் எடுத்துக் காட்டினேன், 'இதேதான்'னுட்டார்.

பனங்கிழங்கு | புதன், காலை 10.41
ஐயோ, படத்தைக் காட்டிட்டீங்களா? இனி மாமா ஞாபகத்துல அந்தப் படம்தான் இருக்கும். முதல்ல அவரையே சொல்ல விடணும். எங்க நின்னீங்க, அது எங்க போச்சு, பக்கத்துல என்ன இருந்துச்சு, வால் எப்படி இருந்துச்சு, தலையா உடம்பா எதை முதல்ல பார்த்தீங்கன்னு. படம் காட்டியே ஆகணும்னா கடைசியில, நாய், நரி, மரநாய் எல்லாம் கலந்து பத்துப் படமா காட்டணும்.

கழுகுமேடு | புதன், காலை 11.10
கறுப்புப் பூனை கதை உலகம் முழுக்க உண்டு. இங்கிலாந்துல பாட்மின் மூர்னு ஒரு இடம். பெரிய கறுப்பு மிருகம் ஆட்டை அடிக்குதுன்னு புகார் மேல புகார். 1995-ல அரசாங்கமே ஆள் அனுப்பி விசாரிச்சது. படம் எடுத்த இடத்துக்கே போய் அளவுகோலை நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்தாங்க, நம்ம முள்வேலி பண்ணின அதே வேலை. ஆதாரம் எதுவும் கிடைக்கலைன்னு அறிக்கை வந்துச்சு. அறிக்கை வந்த சூட்டோட ஆத்துல ஒரு சிறுவனுக்கு மண்டை ஓடு கிடைச்சுது. நிஜமான சிறுத்தை மண்டை ஓடு! ஊரே குதிச்சுது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல பிரிச்சுப் பார்த்தா, உள்ளே வெப்பமண்டலக் கரப்பான் பூச்சியோட முட்டைக்கூடு. அங்க வாழாத கரப்பான். வெளிநாட்டுல இருந்து வந்த சிறுத்தைத்தோல் விரிப்போட தலைதான் அது.

ராக்கோழி | புதன், காலை 11.14
கரப்பான் சாட்சி சொன்ன ஒரே வழக்கு இதுவாத்தான் இருக்கும்.

செவலை | புதன், பகல் 12.30
அப்ப நேர்ல பார்த்தவங்க சொல்றது எல்லாமே கப்ஸாவா? கிண்டல் பண்ணினா அடுத்த தடவை யாரும் வந்து சொல்ல மாட்டாங்களே.

வெருகன் | புதன், பகல் 1.20
இல்லை. இந்த வாதத்தின் மறுபக்கத்தையும் சொல்கிறேன். அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் பூமா (அங்கத்திய பெரிய பூனை இனம்) பார்த்தேன் என்று எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்காகச் சொன்னார்கள், யாரும் நம்பவில்லை. 2011 மார்ச்சில் கிழக்குப் பூமா அழிந்தே போய்விட்டது என்று அரசுத் துறை அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் கனெக்டிகட்டில் ஒரு ஆண் பூமா கார் மோதிச் செத்தது. டிஎன்ஏ பார்த்தால் தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் வம்சம். வழியில் மின்னசோட்டா, விஸ்கான்சினில் அது விட்டுச்சென்ற எச்சம், முடி முன்பே சேகரிக்கப்பட்டிருந்தது, பொருந்தியது. சுமார் 2,400 கி.மீ. நடந்து வந்திருக்கிறது. அதை நடுவழியில் பார்த்துச் சொன்னவர்களை என்னவென்று சொல்லியிருப்போம்?

ஆகவே மாமா பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தத் தகவலையும் எந்தத் தட்டில் வைப்பது என்பதுதான் கேள்வி. ஆல்ப்ஸ் மலையில் லின்க்ஸ் என்ற பூனை இனத்தைக் கணக்கெடுப்பவர்கள் மூன்று தட்டு வைத்திருக்கிறார்கள். செத்த மிருகம், தெளிவான படம், டிஎன்ஏ முதல் தட்டு. பயிற்சி பெற்றவர் நேரில் போய் உறுதி செய்த தடம், அது அடித்துப் போட்ட இரை இரண்டாவது. சரிபார்க்க முடியாத எல்லாம் மூன்றாவது, நேரில் பார்த்ததும் அதில்தான் போகும். மூன்றாவது தட்டு குப்பைத் தொட்டி அல்ல. அடுத்த கேமராவை எங்கே கட்டுவது என்பதை அதுதான் சொல்கிறது.

கழுகுமேடு | புதன், பகல் 2.05
கருஞ்சிறுத்தை தனி இனம் இல்ல, சாதாரணச் சிறுத்தையோட கறுப்பு வடிவம். புள்ளி எல்லாம் உள்ளேயே இருக்கும். மலேசியாவுல ஒரு காட்டுல சிறுத்தை கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பு, எதையும் எண்ண முடியலை. கேமரா எப்பவும் இரவு முறையிலயே எடுக்கற மாதிரி வெளிச்ச சென்சாரை மறைச்சாங்க. இன்ஃப்ராரெட்ல புள்ளி பளிச்சுன்னு தெரிஞ்சுது, ஒவ்வொண்ணையும் தனித்தனியா அடையாளம் பிடிச்சாங்க. 2015-ல வெளியான வேலை. ஆக மாமா பார்த்தது சிறுத்தைன்னா, கேமரா முன்னாடி வந்துட்டா தப்ப முடியாது.

முள்வேலி | வியாழன், இரவு 7.50
பனங்கிழங்கு அண்ணா சொன்ன மாதிரியே மாமாவைக் கூட்டிட்டுப் போய் அவர் நின்ன இடத்துலயே நிக்க வெச்சேன். படம் காட்டலை, நான் எதுவும் சொல்லலை, சும்மா கேட்டுட்டே இருந்தேன்.

வேலியைத் தாண்டுச்சுன்னு சொன்னாரே, எப்படித் தாண்டுச்சு, எகிறியான்னு கேட்டேன். 'எகிறலைடா, அடிக்கம்பிக்குக் கீழ பூந்து அது பாட்டுக்குப் போச்சு'ன்னார். குனிஞ்சுதா, வயித்தைத் தரையோட ஒட்டிப் போச்சான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, 'இல்ல, நடந்த வாக்குல போச்சு, வாலு மட்டும் கம்பியில பட்டுச்சு'ன்னார். டேப் வெச்சு அளந்தேன். அடிக்கம்பி தரையில இருந்து 43 செ.மீ.

அளந்ததைப் பார்த்துட்டு மாமாவே சிரிச்சுட்டார். அப்புறம் கொஞ்சம் கோவம். 'அப்ப நான் பார்த்தது என்னடா?'

பனங்கிழங்கு | வியாழன், இரவு 8.12
அருமைங்க! 43 செ.மீ. கம்பிக்குக் கீழ குனியாம போற சிறுத்தை கிடையாது. ஆனா மாமா கேட்ட கேள்வி நியாயம்.

ராக்கோழி | வியாழன், இரவு 8.20
கறுப்பு வீட்டுப்பூனை. (இந்தத் தடவை 'பெரும்பாலும்' சேர்த்துக்கறேன்.)

வெருகன் | வியாழன், இரவு 9.35
பெரும்பாலும் அதுவே. ஆனால் காட்டுப்பூனையிலும் கறுப்பு வடிவம் அபூர்வமாக உண்டு, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பதிவாகியிருக்கிறது. அதே நிலத்தில் காட்டுப்பூனை ஒன்று உறுதியான நிலையில், அதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வால் கம்பியில் பட்டது என்றால் தூக்கிப் பிடித்திருந்தது என்று அர்த்தம், வீட்டுப்பூனை அப்படி நடப்பது சகஜம். ஆனால் மூன்று வாரம் கழித்து இருட்டில் பார்த்த வாலை நான் அளவுகோலாக வைக்க மாட்டேன். என் குறிப்பேட்டில் 'பூனை, கறுப்பு, இனம் தெரியவில்லை' என்றுதான் எழுதுவேன். மாமாவிடம் அதை அப்படியே சொல்லுங்கள்.

அந்தக் கம்பிக்குக் கீழே தரை எப்படி? மண்ணா?

முள்வேலி | வியாழன், இரவு 9.50
புழுதி. தடம் நல்லா விழும். இப்ப நாய்த் தடமும் கோழித் தடமும்தான் இருக்கு.

பனங்கிழங்கு | வியாழன், இரவு 10.04
சாயங்காலம் துடைப்பத்தால ஒரு பாய் அளவுக்குப் பெருக்கி விடுங்க, காலையில பாருங்க. நகம் பதிஞ்சு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா நாய் வகை. நகம் இல்லாம, விரல் ஒண்ணு முன்னால தள்ளி, உள்ளங்காலோட பின்விளிம்பு மூணு மடிப்பா இருந்தா பூனை. ஈர மண்ணுல வழுக்கினா பூனையும் நகம் ஊன்றும், அதனால ஒரு தடத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. பக்கத்துல ஸ்கேல் வெச்சு, நேர் மேல இருந்து போட்டோ.

கழுகுமேடு | வெள்ளி, காலை 6.45
கேமரா முழங்கால் உயரத்துக்குக் கீழ இருக்கட்டும், 40 செ.மீ. போதும். கம்பிக்கு நேரா வைக்காம கொஞ்சம் சாய்ச்சு வைங்க, குறுக்கே ஓடறதை சென்சார் பிடிச்சு முழிக்கறதுக்குள்ள வால்தான் மிஞ்சும். ரெண்டு கேமரா இருந்தா எதிரெதிரா. உடம்போட இடப்பக்கக் கோடு புள்ளிக் கோலமும் வலப்பக்கக் கோலமும் ஒண்ணா இருக்காது, புலிக் கணக்கெடுப்புல ஜோடியா கட்டறதுக்கு அதான் காரணம். 2018 கணக்கெடுப்புல 26,838 இடத்துல கேமரா, மூணரைக் கோடிக்குக் கிட்ட படம், அதுல புலி இருந்தது 76,651. உங்க முந்நூறு புல்லு கிளிப்பை நினைச்சு வருத்தப்படாதீங்க.

இன்னொண்ணு, படத்தை இங்க போடறதுக்கு முன்னாடி அதுல எடுத்த இடத்தைக் காட்டற ஜிபிஎஸ் விவரம் ஒட்டியிருந்தா அழிச்சுடுங்க. போன்ல எடுத்த தடம் போட்டோவுல பெரும்பாலும் இருக்கும். பொறி வைக்கறவனும் இதையெல்லாம் படிக்கறான்.

முள்வேலி | வெள்ளி, இரவு 9.10
கேமராவை மேற்கு வேலிக்கு மாத்திட்டேன். தேதி நேரமும் சரி பண்ணிட்டேன். அதுல ஒரு கூத்து: கேமரா கடிகாரம் முக்கால் மணி நேரம் முந்தி ஓடியிருக்கு. அதனால அந்த 4.52 உண்மையில 4.07, திருத்திக்கோங்க. மாமா தினம் சாயங்காலம் வந்து புழுதியைப் பெருக்கறேன்னு துடைப்பத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கார்.

முள்வேலி | ஞாயிறு, காலை 7.05
முதல் காலை: கீரி. ரெண்டாவது காலை: பக்கத்து வீட்டு நாய், அப்புறம் மாமாவோட செருப்புத் தடம்.